கரண்ட் ஷாக் இல்லை... மாதக்கணக்கில் ஆறாத தசைநாண் வலிக்கு ‘ஷாக்வேவ்’ சிகிச்சை யாருக்குக் கைகொடுக்கும்?

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் அறுவடையாகிவிட்டால், மரத்தடி நிழலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தாளை அரிந்து எடுப்பார்கள். ஒரே கை, ஒரே அசைவு, காலையிலிருந்து சாயங்காலம் வரை. பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பகுதி நெசவாளர்களுக்குத் தறியில் தோளுக்கு ஓய்வில்லை. சிமென்ட் ஆலைகளை நம்பி ஓடும் லாரி டிரைவர்களுக்கு ஸ்டீயரிங்கும் கிளட்ச்சும்தான் நாள் முழுக்க.

இவர்களில் பலருக்கும் பழக்கமானது ஒரு வலி. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் முழங்கையின் வெளிப்பக்கம் சுண்டி இழுக்கும். துணி பிழிய முடியாது. சிலருக்குக் காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியே குதிகாலில் ஆணி அடித்ததுபோல இருக்கும். ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்று தைலம் தேய்ப்பார்கள், பற்றுப் போடுவார்கள், வலி ஊசி போட்டுக்கொள்வார்கள். இரண்டு நாள் குறையும், மறுபடி வரும்.

அப்படி மாதங்கள் ஓடிய பிறகுதான் யாராவது சொல்வார்கள், ‘திருச்சிக்குப் போய் ஷாக்வேவ் வெச்சுப் பாருங்க’ என்று. கேட்டதும் இரண்டு கேள்வி எழும். கரண்ட் ஷாக்கா? வாரம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப்போய், பணமும் கட்டினால் வலி போகுமா?

வலிப்பது நரம்பு இல்லை

நாம் ‘நரம்பு’ என்று சொல்வது பெரும்பாலும் தசைநாண். தசையை எலும்போடு கட்டிவைக்கும் உறுதியான கயிறு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது இந்தக் கயிற்றின் இழைகள் நைந்துபோகின்றன. ரத்த ஓட்டம் குறைவான இடம் என்பதால் பழுது பார்க்கும் வேலை மெதுவாகவே நடக்கும். அது முடிவதற்குள் மறுபடி வேலை, மறுபடி நைவு. இழைகள் தாறுமாறாகி, வலி நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது.

முழங்கையில் வந்தால் இதற்கு ‘டென்னிஸ் எல்போ’ என்று பெயர். டென்னிஸ் ஆடாதவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. சச்சின் டெண்டுல்கரையே இந்த முழங்கை வலி மைதானத்துக்கு வெளியே உட்காரவைத்தது. 2005-ல் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டுதான் திரும்பி வந்தார். குதிகாலுக்கு மேலே, கெண்டைக்கால் சதை இறங்கிச் சேரும் இடத்திலும், தோள்பட்டையிலும் இதே பிரச்னை வரும். அடிப்பாதத்தில் குதிகாலை ஒட்டி வரும் வலி, தசைநாணைப் போன்ற ஒரு பட்டையில் வருவது. அதற்கும் சிகிச்சை முறை ஏறக்குறைய இதுவே.

சிறுநீரகக் கல்லில் தொடங்கிய கதை

ஷாக்வேவ் என்பது மின்சாரம் இல்லை. அழுத்த அலை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1980 பிப்ரவரி 7-ம் தேதி, ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லைக் கத்தி வைக்காமல் இந்த அலைகளால் உடைத்தார்கள். கருவியை உருவாக்கியது விமானம் தயாரித்துவந்த டோர்னியர் நிறுவனம். அதே அலையைக் குறைந்த ஆற்றலில் எலும்பு, தசைநாண் பிரச்னைகளுக்குப் பயன்படுத்திப் பார்த்தது அடுத்த கட்டம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000-ம் ஆண்டில் நாள்பட்ட குதிகால் வலிக்கும், 2003-ல் டென்னிஸ் எல்போவுக்கும் இதற்கு அனுமதி தந்தது.

சிகிச்சைக்கு மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. வலிக்கும் இடத்தில் ஜெல் தடவி, கைப்பிடி போன்ற கருவியை வைப்பார்கள். ‘டக் டக்’ என்று தட்டும். சுமார் 2,000 தட்டுகள், 10 முதல் 15 நிமிடம். பொதுவாக வாரம் ஒரு முறை, 3 முதல் 5 வாரம். தட்டும்போது வலிக்கும், தாங்கக்கூடிய வலிதான். பிறகு ஓரிரு நாள் சிவந்தோ கன்றியோ இருக்கலாம். வலி குறைவது உடனே தெரியாது. பலன் தெரிய 2, 3 மாதங்கள்கூட ஆகும்.

இந்தக் கருவிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அலையை ஆழத்தில் ஒரே புள்ளியில் குவிப்பது. இன்னொன்று, காற்றழுத்தத்தால் தட்டி மேல்புறத்தில் பரவவிடுவது. பிசியோதெரபி மையங்களில் அதிகம் காணப்படுவது இரண்டாவது வகை.

ஆய்வுகள் சொல்வது என்ன?

இங்கேதான் கவனம் தேவை. எல்லா தசைநாணுக்கும் ஒரே பலன் இல்லை. தோளில் சுண்ணாம்புச் சத்து படிந்து வரும் வலிக்கும், நாள்பட்ட குதிகால் வலிக்கும் ஓரளவு நல்ல பலன் பதிவாகியிருக்கிறது. டென்னிஸ் எல்போவில் முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக உள்ளன. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, 2005-ல் முழங்கைக்குப் பெரிய பலன் இல்லை என்றே சொன்னது.

ஜெர்மனியில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வு முக்கியமானது. குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணில் வலி இருந்த 68 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களில் 56 சதவிகிதம் பேர் 4 மாதத்தில் நன்றாகத் தேறினார்கள். உடற்பயிற்சியோடு ஷாக்வேவும் சேர்ந்தபோது அது 82 சதவிகிதம் ஆனது. மெஷின் பயிற்சிக்குத் துணையாக நின்றது, பயிற்சியின் இடத்தைப் பிடிக்கவில்லை.

உடனடி நிவாரணத்துக்காகப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆஸ்திரேலியாவில் டென்னிஸ் எல்போ உள்ள 165 பேரிடம் நடந்து, 2013-ல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவிகிதம் பேருக்கு வலி திரும்பி வந்தது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 12 சதவிகிதம் பேருக்கே திரும்பியது.

வீட்டிலேயே தொடங்கும் முதல் மருந்து

நைந்த கயிற்றுக்கு முழு ஓய்வு கொடுத்தால் அது இன்னும் பலவீனமாகும். அளவாகச் சுமை கொடுத்தால்தான் இழைகள் வலுப்படும். ஸ்வீடன் மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃபிரட்சன் 1998-ல் வெளியிட்ட பயிற்சி இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றப்படுகிறது. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் மேலே எழும்பி, வலிக்கும் காலின் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். 15 முறை, 3 சுற்று, காலையும் மாலையும், 12 வாரம்.

முழங்கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். முன்கையை மேஜையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விடுங்கள். மறு கையால் மணிக்கட்டைத் தூக்கிவிட்டு, பாட்டிலோடு மெதுவாக இறக்குங்கள். லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

சரியாகச் செய்கிறோமா என்று ஒருமுறை பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிக்கொள்வது நல்லது. 2021-ல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியும், பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

யாருக்குக் கூடாது?

கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தக்கசிவு நோய் உள்ளவர்கள், வலிக்கும் இடத்தில் கட்டியோ கிருமித்தொற்றோ உள்ளவர்கள் இதைச் செய்துகொள்ளக் கூடாது. எலும்பு இன்னும் வளரும் வயதுப் பிள்ளைகளுக்கும் தவிர்க்கப்படுகிறது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. சமீபத்தில் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘டப்’ என்று சத்தம் கேட்டு, திடீரென்று காலை ஊன்ற முடியாமல் போனால் அது தசைநாண் அறுந்ததாக இருக்கலாம். அதற்கு ஷாக்வேவ் அல்ல, உடனடி மருத்துவமனைதான்.

பணம் கட்டும் முன் 4 கேள்விகள்

1. என் வலி தசைநாணில்தானா? கழுத்து எலும்பிலிருந்து இறங்கும் நரம்பு வலி இல்லை என்று பரிசோதித்தாயிற்றா?

2. குறைந்தது 3 மாதமாவது முறையான பயிற்சி செய்து பார்த்தேனா?

3. மொத்தம் எத்தனை முறை வர வேண்டும், மொத்தச் செலவு எவ்வளவு? ‘வலி போகும்வரை வாங்க’ என்பது பதில் இல்லை.

4. சிகிச்சையோடு என்ன பயிற்சி தருவீர்கள்? ‘ஒன்றும் வேண்டாம், மெஷினே பார்த்துக்கொள்ளும்’ என்றால் யோசியுங்கள்.

வெங்காயத் தாள் அரிபவர்கள் வேலையை விட்டுவிட முடியாது. ஆனால், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கையை மாற்றலாம், அரிவாளைத் தீட்டி வைத்துக்கொள்ளலாம், குடத்தை உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடித்துத் தூக்கலாம். நைந்த கயிறு இழை இழையாகத்தான் தேறும். அதற்கு 3 மாதம் பொறுமையாகப் பயிற்சி கொடுத்தும் வலி அடங்காதவர்கள், திருச்சி பஸ்ஸுக்கு ஒரு நாள் கூலியை ஒதுக்குவதில் அர்த்தம் உண்டு.