ரப்பர் கொட்டைக்கு ஒரு முனைவர் பட்டம்

ஒரு கொட்டையின் மேல் இன்னொரு கொட்டையை வைக்க வேண்டும். இடது உள்ளங்கையால் மூடி, வலது கை முஷ்டியால் ஓங்கிக் குத்த வேண்டும். உடைந்த கொட்டைக்காரன் தோற்றான். உடையாதது அடுத்த ஆளின் கொட்டையோடு மோதும். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இந்த ஆட்டத்தைச் சொல்வார்கள். பத்துக் கொட்டையை உடைத்த கொட்டைக்குப் பெயர் வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டே தூங்கியவர்கள் எங்கள் லயத்தில் இருந்தார்கள். கொட்டையின் மேல் ஓடும் வரி மரத்துக்கு மரம் மாறும். எந்த நிரையில் எந்த மரத்தடியில் பொறுக்கியது என்பதை உயிர் போனாலும் சொல்ல மாட்டோம்.

இன்று அங்கே ரப்பர் இல்லை, செம்பனை நிற்கிறது. லயமும் இல்லை. அந்த ஆட்டத்தின் விதிகளை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?

எழுதக்கூடியவர்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். டிஜிட்டல் ஊடகமும் விளையாட்டு ஆய்வியலும் படிக்கும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களைத்தான் சொல்கிறேன். தோட்டத்துப் பேரப்பிள்ளை ஒருத்தி இந்தத் துறையை எடுத்ததாகச் சொன்னால் கல்யாண வீட்டில் முதலில் வரும் கேள்வி, “கேம் விளையாடவா படிக்கிறே?” என்பது. கேட்கும் மாமா கெட்டவர் இல்லை. அந்தப் படிப்பு என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அது என்ன படிப்பு? நார்வே நாட்டு ஆய்வாளர் எஸ்பன் ஆர்செத் 1997இல் ‘சைபர்டெக்ஸ்ட்’ என்ற நூலை எழுதினார். 2001இல் இத்துறைக்கென்றே தனி ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார்கள். விளையாட்டுக்குள் இருக்கும் கதையைச் சொல்லிவிட்டு நின்றுவிடும் துறை அல்ல இது. விதிகள் ஆடுபவரை எதைச் செய்ய விடுகின்றன, எதைச் செய்யவே விடுவதில்லை என்று கேட்கும். கொல்கத்தாவின் சௌவிக் முகர்ஜி 2017இல் வெளியிட்ட நூலில், காலனி ஆட்சியின் பார்வை வீடியோ கேம்களுக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினார். வரைபடத்தில் காலி இடம், போய்ப் பிடி, மரத்தை வெட்டு, ஆளைக் குடியேற்று என்பது எத்தனையோ கேம்களின் விதி. பேராக்கின் கதையும் அதேதான். பிரேசிலிலிருந்து கியூ தோட்டம் வழியாக வந்த ரப்பர் இனத்தின் 9 கன்றுகள் 1877இல் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்னும் நிற்கிறது. பின்னால் பரவிய தோட்டங்களில் பால் வெட்டத்தான் நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றினார்கள். அந்த மரத்தின் கொட்டையை அவர்கள் பிள்ளைகள் ஆட்டக்காயாக்கினார்கள். ஓர் ஆய்வேட்டுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

பரிசு இல்லாத துறையும் அல்ல. டொரோண்டோவிலிருந்து 2023இல் வந்த ‘வெண்பா’ கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்து ஆடுபவர் சமைக்க வேண்டும். 2024இல் அது பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருதையும், சுயாதீன கேம் படைப்பாளர்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதன்மைப் பரிசையும் வென்றது. ஆனால் அந்தப் பரிசு, செய்து முடித்து விற்பனைக்கு வந்த படைப்புக்கு. மூன்று வருடம் குரல்களைப் பதிவு செய்து, விதிகளை ஒப்பிட்டு, ஆய்வேடு எழுதியவருக்குப் பட்டமளிப்பு மேடையில் கிடைப்பது சில நொடிக் கைதட்டல்.

ஈப்போ இந்தத் துறைக்குப் பணம் போடாத ஊர் இல்லை. மேரு ராயாவில் சுமார் 50 கோடி ரிங்கிட் செலவில் ‘மேப்ஸ்’ என்ற அனிமேஷன் பூங்காவைக் கட்டி 2017 ஜூனில் திறந்தார்கள். போபோய்போய் கார்ட்டூன் தொடருக்கும் அங்கே இடம் இருந்தது. அந்தத் தொடரின் கோபால் நம் பையன். தீனிப் பிரியன், பயந்தாங்கொள்ளி, எல்லாரையும் சிரிக்க வைப்பவன். என் அக்கா பேரனுக்கு அவனைத்தான் ரொம்பப் பிடிக்கும். சிரிக்க வைக்கும் வேலை ஏன் எப்போதும் கோபாலுக்கு என்று கேட்க ஓர் ஆய்வு மாணவர் வேண்டும். 2020 ஜனவரியில் பூங்காவை மூடிவிட்டார்கள். அந்தத் தொகையில் ஒரு துளியை ஆய்வு மாணவர்களுக்கு ஒதுக்கியிருந்தால் இந்நேரம் ஓர் அலமாரி நிறைய ஆய்வேடுகள் இருந்திருக்கும். கம்பத்து வாழ்க்கையைக் கோட்டோவியமாக்கிய லாட் பிறந்ததும் இந்த மாநிலத்தில்தான். அவருடைய ‘கம்போங் பாய்’ தொலைக்காட்சித் தொடர் 1999இல் பிரான்சின் அன்னசி விழாவில் பரிசு பெற்றது. ஆற்றங்கரைச் சிறுவர்களின் விளையாட்டை உலகம் பார்க்கும் என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை.

தோட்டத்துப் பையன் டாக்டரானால் லயம் முழுக்க டாக்டரான மாதிரி. அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவன் நான், அதைக் குறை சொல்ல மாட்டேன். அதே தாம்பாளத்தில் இன்னொரு மாலையும் இருக்கட்டும் என்கிறேன். இடமும் உண்டு. துன் சம்பந்தன் முயற்சியில் 1960இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டி வளர்த்தது. டான்ஸ்ரீ சோமா அறவாரியத்தின் பெயரில் தமிழ் நூல்களுக்குப் பரிசு தரும் வழக்கமும் அதன் நிழலில் வந்ததுதான். கேம், அனிமேஷன், டிஜிட்டல் ஊடகம் பற்றிய சிறந்த ஆய்வேட்டுக்கு அங்கே ஆண்டுக்கு ஒரு பரிசு வைக்கலாம்.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கொடுக்கக் கூடாது. ஆய்வின் சாரத்தைத் தமிழில் முப்பது பக்கம் எழுதியிருக்க வேண்டும். பேட்டி கொடுத்த பாட்டிமார் பெயர் முதல் பக்கத்தில் வர வேண்டும். கேம் செய்திருந்தால் பேராக்கின் 134 தமிழ்ப் பள்ளிகளுக்கும் இலவசமாகப் போக வேண்டும். பணத்தில் பாதியை ஆய்வு முடிவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பாகான் டத்தோவிலிருந்து கிரிக் வரை காரோட்டி, பதிவுக் கருவியோடு அலைய எண்ணெய்க் காசு அப்போதுதான் தேவை.

அறிவியல் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கும் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை நாம் ஏற்கெனவே மேடையேற்றுகிறோம். அவர்களில் சிலர் பத்து வருடத்தில் தஞ்சோங் மாலிமிலோ கம்பாரிலோ சைபர்ஜெயாவிலோ இந்தத் துறையில் படித்துக்கொண்டிருப்பார்கள்.

போன மாதம் சுங்கை சிப்புட்டில் என் பெரியம்மாவோடு பல்லாங்குழி ஆடினேன். அவர் தோட்டத்தில் புளியங்கொட்டைக்குப் பதிலாக ரப்பர் கொட்டையில் ஆடுவார்களாம். கொட்டை பெரிது என்பதால் ஒரு குழிக்கு எத்தனை போடுவது என்பதே வேறு கணக்கு. அந்தக் கணக்கை இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார். எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கு வயது 84.