வாய்நாற்றமும் வயிற்றுப் பூச்சியும்

சிறு பிள்ளையின் வாய் நாறுமாயின், "வயிற்றிலே பூச்சி இருக்கின்றது, பேதி கொடுக்க வேண்டும்" என்று முதியோர் கூறுதலை நம்மிற் பலர் கேட்டிருப்போம். வீட்டு நாயின் வாய் நாறினும் இதுவே தீர்ப்பு. நாற்றத்தைப் புழுவின் சான்றாகக் கொள்ளும் இவ்வெண்ணம் பொருத்தமுடையதா என ஆராய்தல் வீண் முயற்சியன்று. காரணத்தைப் பிழைபடக் கொண்டோர் மருந்தையும் பிழைபடவே தேடுவர். அதன் பயனை நுகர்வோர், தம் நோயைச் சொல்லவறியாத குழந்தைகளும் சொல்லவியலாத பிராணிகளுமாவர்.

இவ்வெண்ணம் தோன்றியதற்குக் காரணம் இல்லாமலில்லை. வாயும் குடலும் ஒரே உணவுக்கால்வாயின் பகுதிகள். கீழே கேடு உளதாயின் அதன் வாடை மேலே எழும் எனக் கருதுதல் இயல்பே. ஆயின், தொண்டைக்கும் இரைப்பைக்கும் இடையிலுள்ள களம் எப்பொழுதும் திறந்திருக்கும் குழாயன்று. அதன் இரு முனைகளிலுமுள்ள தசைவளையங்கள், விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும் திறந்து, பெரும்பாலும் மூடியே இருக்கும். ஆகவே குடலிலுள்ள வாயு மூச்சோடு கலந்து வெளிவருதற்கு நேர்வழி இல்லை.

அங்ஙனமாயின் நாற்றம் எங்கிருந்து எழுகின்றது? பெரும்பாலும் வாயிலிருந்தே எழுகின்றது. நாவின் பின்புறத்திலும், பல்லிடுக்குகளிலும், முரசுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளங்களிலும் காற்றை வேண்டாத பற்றீரியங்கள் வாழ்கின்றன. உணவுத் துணிக்கைகளிலும் உதிர்ந்த கலங்களிலுமுள்ள புரதத்தை இவை சிதைக்கும்போது, ஐதரசன் சல்பைட்டு, மீதைல் மேர்கத்தன் முதலிய கந்தக வாயுக்கள் பிறக்கின்றன. கனடாவில் யோசேப்பு தொன்செற்றிச்சு என்னும் அறிஞர் 1960-ஆம் ஆண்டுகள் தொட்டு நிகழ்த்திய ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. பெல்சிய நாட்டு இலூவன் நகரில், வாய்நாற்றத்தின் பொருட்டு வைத்தியரை நாடிய 2,000 பேரைப் பற்றி 2009-இல் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினருக்குக் காரணம் வாயினுள்ளேயே காணப்பட்டது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதனாலேயே காலையில் வாய் நாறுகின்றது. சில காரணங்கள் வாய்க்குப் புறம்பானவை. உள்ளியின் மணம் இரத்தத்திற் கலந்து சுவாசப்பை வழியாக வெளிவரும். முற்றிய நீரிழிவில் அசற்றோன் வாடையும், சிறுநீரகம் செயலிழந்தவிடத்து அமோனியா வாடையும் மூச்சில் எழுதலுண்டு. மூக்கு, தொண்டை நோய்களும் நாற்றந் தரும்.

இனிப் புழுக்களை நோக்குவோம். வட்டப்புழு, கொழுக்கிப்புழு, சவுக்குப்புழு ஆகியன மண்வழிப் பரவுவன. உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்கள் இவற்றாற் பீடிக்கப்பட்டுள்ளனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இவை செய்யுங் கேடு பெரிது. ஆனால் ஓசையின்றியும் வாடையின்றியுமே அதனைச் செய்கின்றன. உலகிற் பெருவழக்கான கொழுக்கிப்புழு ஒன்று, நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.03 மில்லிலீற்றர் இரத்தத்தை இழக்கச் செய்யும். அது ஒரு துளியினுஞ் சிறிது. எனினும் 200 புழுக்கள் உளவாயின், ஒரு மாதத்தில் ஏறத்தாழ 180 மில்லிலீற்றர் இழப்பாகும். முகம் வெளிறுதல், களைப்பு, படிப்பிற் கவனமின்மை என்பனவே இதன் அடையாளங்கள். இலங்கைத் தோட்டப் புறங்களில் 1916-இல் இறொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்பு முயற்சி, மருந்தோடு மலசலகூடங்களையும் வற்புறுத்தியமை இது பற்றியே.

வட்டப்புழுவின் வரலாறு வியப்புக்குரியது. 1922-இல் கொயினோ என்னும் யப்பானிய வைத்தியர் அப்புழுவின் முட்டைகள் 2,000-ஐத் தாமே விழுங்கி, பின்னர்த் தமது சளியிற் குடம்பிகளைக் கண்டார். குடலில் வெளிப்படும் குடம்பி, இரத்தத்தோடு சுவாசப்பையை அடைந்து, தொண்டைக்கு ஏறி, மீண்டும் விழுங்கப்பட்டே குடலில் வளர்கின்றது. இவ்வாறு மூச்சுவழியே செல்லும் புழுவும் இருமலையுங் காய்ச்சலையும் உண்டாக்குமேயன்றி, நாட்பட்ட வாய்நாற்றத்தை அதன் அடையாளமாகக் கொள்ளுதற்கு இடமில்லை.

ஒரு விலக்கும் உண்டு. சியாடியா என்னும் ஒருகல உயிர் சிறுகுடலிற் பெருகும்போது, கூழ்முட்டை நாற்றமுள்ள ஏப்பமும் துர்நாற்றமுள்ள கழிச்சலும் நேரிடலாம். அது புழுவன்று, ஏப்பத்தின் நாற்றமும் வாயில் எந்நேரமும் நிலைக்கும் நாற்றமும் வேறு. மலத்தை நுணுக்குக்காட்டியால் நோக்குதலே இதற்கும் புழுக்களுக்கும் தக்க சோதனை.

நாய்க்கும் பூனைக்கும் இக்கூற்றே பொருந்தும். அவற்றின் பல்லிற் படியும் காறையும், அதனால் வீங்கிச் சீழ்கொள்ளும் முரசுமே வாய்நாற்றத்திற்குப் பெருங்காரணங்கள். அசுத்தந் தின்னும் நாயின் வாய் நாறும்; அவ்வசுத்தத்தினூடாகப் புழுவும் சேரலாம். ஒரு காரணத்தினின்று பிறந்த இரண்டில் ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் கொள்ளுதல் தருக்கப் பிழையாகும்.

நாற்றமே இல்லாத நாய்க்குட்டியிடத்துத்தான் பெரும் இடருண்டு. நாயின் வட்டப்புழுக் குடம்பிகள் தாயின் கருப்பையிலேயே குட்டியைச் சேர்கின்றன. குட்டியின் மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் சில வாரங்கள் மண்ணிற் கிடந்து முதிர்ந்தபின், மண்ணளைந்து விளையாடும் குழந்தையின் வாய்க்குள்ளும் புகலாம். அப்போது அக்குடம்பிகள் ஈரல், சுவாசப்பை, கண் என்பவற்றில் அலைந்து திரியும். புற்றுநோய் முதலியவற்றை ஐயுற்று அகற்றப்பட்ட சிறுவர் கண்கள் பலவற்றிற் புழுக் குடம்பிகள் இருந்தமையை, அமெரிக்காவில் வைல்டர் என்னும் பெண்மணி 1950-இல் எடுத்துக்காட்டினார். மேலும், இலங்கையிற் கிடைத்த ஒரு புனுகுப்பூனையினின்று 1911-இல் உலூசு என்னும் அறிஞர் விவரித்து, இத்தீவின் பெயராலே வழங்கும் கொழுக்கிப்புழு இனமொன்று, நாய், பூனை, மனிதர் ஆகிய மூவரையும் பற்றும் இயல்பினது.

ஆகவே, பழைய எண்ணத்தால் விளையுந் தீங்கு இரட்டிப்பாகின்றது. வாய் நாறுவோன் பேதி குடித்து, முரசு நோயை வளரவிடுகின்றான். வாய் நாறாத பிள்ளையோ, புழுவோடு இரத்தமிழந்தும் கவனிப்பாரற்றிருக்கின்றது. நாற்றத்திற்குப் பல்லையும் நாவையும் துப்புரவு செய்து, அது நீங்காவிடிற் பல் வைத்தியரை நாடுதல் வேண்டும். புழுவிற்குச் செருப்பும், மலசலகூடமும், உணவுக்கு முன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலும் காப்பாகும். அல்பென்டசோல், மெபென்டசோல் முதலிய குளிசைகள் இருத்தலால், முன்னாளைப்போலக் கடும் பேதி வேண்டுவதில்லை. நாய்க்குட்டிக்கு, அது பிறந்த இரண்டாம் வாரந் தொடங்கி, மிருக வைத்தியர் குறிக்கும் அளவில் மருந்து கொடுத்தல் நன்று. வாய் நாறும்வரை காத்திருத்தல் தகாது. நாற்றம் தன் இருப்பைத் தானே அறிவிக்கும், புழு அறிவியாது. அறிவியாத பகையையே நாம் முற்படத் தேடுதல் வேண்டும்.