விளையாட்டு வித்தையாகும்

"விளையாட்டு வினையாகும்" என்பது பழமொழி. வீடியோ கேம், கணிப்பொறி என்றாலே பெரியோர் இதைத்தான் நினைவூட்டுகிறார்கள். கண் கெடும், படிப்புக் கெடும், பணம் வீணாகும் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், ஆடுவதோடு நில்லாமல் அது எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் விளையாட்டு வித்தையாகவும் ஆகும் என்பது, ஓய்வு நேரத்தில் கணிப்பொறியோடு பழகிவரும் அம்பத்தூர், ஆவடி மாணவியராகிய எங்கள் கருத்து.

திரையில் தெரிவது எல்லாம் புள்ளிகளே. 1982-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணிப்பொறியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து இயக்கினார்கள். பாட்டுக் கேட்கும் கேஸட்டிலேயே அதன் விளையாட்டுகள் வந்தன. அதன் திரையில் குறுக்கே 256 புள்ளிகள், நெடுக்கே 192 புள்ளிகள். எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒரு கட்டத்துக்குள் இரண்டே நிறங்கள்தாம் வரும். தையல் வகுப்பில் கட்டங்களை எண்ணிக் குறுக்குத் தையல் போடுகிறோமே, ஏறக்குறைய அதே வேலைதான். புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவளுக்கு இது அந்நியமானதன்று.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும். எப்படி அடக்கினார்கள்? அதில் வரும் மேகத்தையும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். நிறம் மட்டுமே வேறு!

இதனினும் வியப்பானது ரிவர் ரெய்டு. ஆற்றின் மேல் விமானம் ஓட்டும் இவ்விளையாட்டை 1982-இல் அடாரி பெட்டிக்காக எழுதியவர் கேரல் ஷா என்ற அமெரிக்கப் பெண்மணி. அவருக்குக் கிடைத்த இடம் 4 கிலோபைட்டே. நீண்டுகொண்டே போகும் ஆற்றை அதற்குள் வரைந்து வைக்க இயலாது. ஆகவே அவர் ஆற்றை வரையவில்லை. ஆற்றை உண்டாக்கும் கணக்கை எழுதினார். ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண் பிறக்கும். அந்த எண்ணுக்கு ஏற்பக் கரை விரியும், சுருங்கும். தொடக்க எண் மாறாததால், எத்தனை முறை ஆடினாலும் அதே ஆறுதான் வரும்.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். 1960-களில் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைப் பாருங்கள். அங்குள்ள பட்டறைகளில் ஓடும் சி.என்.சி. லேத்தில், வெட்டும் டூல் எங்கே போகவேண்டும் என்பதை எக்ஸ், இசட் என்னும் இரண்டு அச்சுகளின் எண்களால் சொல்கிறார்கள். ஜி01 என்று எழுதினால் நேர்கோட்டில் வெட்டிச் செல் என்று பொருள். திரையில் ஒரு பொம்மையை நகர்த்த நாம் எழுதுவதும் இரண்டு எண்களே. நம் கணக்குப் புத்தகத்தில் உள்ள ஆயத்தொலை வடிவியலும் இதுவேயன்றோ? எண் தவறினால் விளையாட்டில் பொம்மை சுவரில் முட்டும். பட்டறையிலோ டூல் உடையும். தவறிப் பழகுவதற்கு ஏற்ற இடம் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, வீட்டுக்கு எதை வாங்கலாம்? வண்ண விளக்குகள் மின்னும் விலையுயர்ந்த கணிப்பொறி தேவையில்லை. ஆட மட்டுமே உதவும் பெட்டியும் எங்களுக்கு உடன்பாடில்லை. "இதில் நாமே எழுத முடியுமா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த கணிப்பொறிகள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. கடையிலேயே இயக்கிப் பார்த்து வாங்க வேண்டும். பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால் சுறுசுறுப்பாக இயங்கும். 2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறி ஏறக்குறைய சீட்டுக்கட்டு அளவே இருக்கும். பழைய ஸ்பெக்ட்ரத்தைப் போலவே இதையும் தொலைக்காட்சியோடு இணைக்கலாம். விளையாட்டு எழுதப் பழக உதவும் ஸ்க்ராட்ச், பைத்தான் இரண்டும் இலவசமே.

வாங்கியபின் அதன் முன் யார் உட்காருவது? பல வீடுகளில் நாற்காலி அண்ணனுக்கு. தங்கை பின்னால் நின்று பார்ப்பாள். 2011 செப்டம்பர் 15 அன்று, எங்கள் ரயில் பாதையில் ஆவடிக்கு அப்பால், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் படித்த மாணவருக்கும் மாணவியருக்கும் அது ஒன்றுபோல் வழங்கப்பட்டது. அதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது வீட்டுக்கு ஒன்று என்று தரப்படவில்லை; படிக்கும் பெண்ணின் கையிலேயே தரப்பட்டது. அந்த நியாயம் வீட்டிலும் வேண்டும்.

எனவே பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் இது: கணிப்பொறிக்கு ஒரு கால அட்டவணை எழுதி ஒட்டுங்கள். மகனுக்கு எவ்வளவு நேரமோ மகளுக்கும் அவ்வளவு நேரம். அதில் பாதி ஆடுவதற்கு. பாதி எழுதிப் பழகுவதற்கு. தோழியரே, பிறர் செய்த ஆற்றில் விமானம் ஓட்டியது போதும். இனி நாமும் ஓர் ஆற்றை உண்டாக்குவோம்!