சக்கரம் சுத்துது... காசு போச்சா, போகலையா?

சென்னிமலைக் கடைவீதியில் ஒரு போர்வைக் கடை. எனக்கு முன்னால் நின்ற பெரியம்மா இரண்டு பெட்ஷீட் எடுத்துக்கொண்டு போனில் ஸ்கேன் செய்தார். ரகசிய எண்ணை அடித்ததும் திரையில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏனுங் தம்பி, காசு வந்துருச்சுங்களா?"

"இன்னும் சத்தம் வரலீங்கம்மா."

பொறுமை போய், அவர் இன்னொரு முறை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் இரண்டுமே வந்து சேர்ந்தன. கடைக்காரர் நல்ல மனுஷர், ஒரு தொகையை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லோருக்கும் அப்படி ஒரு கடைக்காரர் வாய்ப்பாரா?

எனக்குக் கோபம் அந்தச் சக்கரத்தின் மேல்தான். 'ஏதோ நடக்குது' என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி என்று சொல்வதில்லை. சென்னிமலை முருகனைப் பார்க்க 1,320 படி ஏறுகிறவருக்குக்கூடப் பாதி தூரம் வந்தது தெரியும். தறியில் உட்கார்ந்தவருக்கு இன்னும் சுலபம். நாடா ஓடும் சத்தமே வேலை நடப்பதைச் சொல்லும். நெய்த துணி உருளையில் ஏற ஏற, முடிந்த அளவு கண்ணுக்கே தெரியும். நூல் அறுந்தாலும் மறைக்காது. (1804-ல் ஜக்கார்டு தறிக்கு வந்த துளை போட்ட அட்டைதான் பிற்பாடு கணினிக்கும் போனது. தறியின் இந்த வெளிப்படையான குணத்தையும் கூடவே கொண்டுபோயிருக்கலாம்!)

இதைப் பற்றி முறையாக யோசித்தவர்களில் ஒருவர் பிராட் மையர்ஸ். 1985-ல், டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது 48 பேரைக் கணினியில் தகவல் தேடச் சொன்னார். சில தேடல்களில் 'இவ்வளவு முடிந்தது' என்று நிரம்பும் பட்டை இருந்தது, சிலவற்றில் இல்லை. 86 சதவீதம் பேருக்குப் பட்டை பிடித்திருந்தது. அந்தப் பட்டை துல்லியமாக இல்லாவிட்டாலும், காத்திருப்பவரின் பதற்றம் குறைகிறது.

அடுத்து நடந்தது சுவாரஸ்யம். 2010-ல் கிறிஸ் ஹாரிசன் குழு அதே பட்டைக்குள் ஓடும் கோடுகளை வைத்து விளையாடிப் பார்த்தது. பட்டை முன்னே நகர, கோடுகள் பின்னோக்கி ஓடி மெல்ல வேகம் குறைந்தால், காத்திருந்த நேரம் சுமார் 11 சதவீதம் குறைவாகத் தோன்றியது. கடிகாரப்படி ஒரு நொடிகூடக் குறையவில்லை. மாறியது நம் மனக்கணக்கு மட்டும்! கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதே கெட்டிக்காரத்தனம் நம்மை ஏமாற்றவும் பயன்படும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அசைவு அலங்காரத்துக்கு மட்டுமல்ல. டிஸ்னி ஓவியர்கள் கார்ட்டூனுக்கு உயிர் கொடுத்த உத்திகளைக் கணினித் திரைக்குக் கொண்டுவரலாம் என்று 1993-லேயே பே-வே சாங், டேவிட் உங்கர் இருவரும் எழுதினார்கள். ஒரு பொருள் சட்டென்று மறைந்தால் 'எங்கே போச்சு?' என்று தேடுவோம். நகர்ந்து போனால் தேட மாட்டோம். 2007-ல் வந்த ஐபோனில் பட்டியலின் கடைசிக்குப் போனால் திரை ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்புமே... 'போன் நின்றுபோகவில்லை, பட்டியல்தான் முடிந்தது' என்று ஒரு வார்த்தைகூட எழுதாமல் சொல்லிவிட்டது அது.

அசைவு சிலருக்குத் தலைசுற்றலும் தரும். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' பகுதிக்குப் போய் அனிமேஷனை நிறுத்திவிடலாம். ஐபோனிலும் அசைவைக் குறைக்கும் வசதி உண்டு. வீட்டுப் பெரியவர்கள் போனில் ஒருமுறை பார்த்துவையுங்கள்.

சக்கரம் நிற்காவிட்டால் திரும்ப அனுப்பாதீர்கள். செயலியில் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து, முதலில் அனுப்பியது என்ன ஆனது என்று பாருங்கள். 'நிலுவை' என்றிருந்தால் பொறுத்திருப்பதே நல்லது.

வியாபாரிகளுக்கு வேறு தலைவலி. துள்ளி வந்து நிற்கும் பச்சை டிக், வெறும் அனிமேஷன். அச்சு அசலாக அதே டிக்கைக் காட்டும் போலிச் செயலிகளால் கடைக்காரர்கள் ஏமாந்த செய்திகள் அடிக்கடி வருகின்றன. வாடிக்கையாளர் போனில் தெரிவது பணமல்ல, படம்.

என் முறை வந்தது. பணம் அனுப்பிவிட்டு, பச்சை டிக்கைக் காட்டப் போனைத் திருப்பினேன். கடைக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. மேஜை மேலிருந்த ஸ்பீக்கர் பெட்டியைக் கைகாட்டிச் சிரித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. பொட்டி பேசுனாத்தானுங்க நம்புவேன்."

பெட்டி பேசும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.