கற்றாழை மருந்துக்கு மடிநோய் எப்போது கேட்கும்?

முதல் பீச்சலில் பால் திரிதிரியாக வருகிறதா, ஒரு காம்பு மட்டும் சூடேறிக் கிடக்கிறதா, கை வைத்ததும் மாடு காலை உதறுகிறதா? பால்மாடு வளர்த்தவர்களுக்கு இந்த அறிகுறிகள் தெரியும். மடிநோய் தொடங்கிவிட்டது. உலகெங்கும் பால்மாடுகளுக்கு ஆன்டிபயாட்டிக் அதிகம் போடப்படுவது இந்த ஒரு நோய்க்காகத்தான்.

மலேசியாவின் அம்பாங் இன்று அடுக்குமாடிகளும் எல்ஆர்டி நிலையங்களும் நிறைந்த ஊர். ஆனால் அம்பாங் முக்கிம் அடங்கியுள்ள உலு லங்காட் மாவட்டத்தின் உள்பகுதிகளில் இன்னும் ஆடுமாடு வளர்ப்போர் உண்டு. நம் தோட்டப்புற முன்னோர் லயத்துக்குப் பின்னால் வளர்த்த மாடுகளின் வழிவந்த கலப்பினம், ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’ என்ற பெயரில் மலேசியக் கால்நடைப் பதிவுகளில் இடம்பெற்றிருக்கிறது. மாட்டோடு அன்று கைவைத்தியமும் வந்தது. பாட்டிமார் கையளவில் போட்ட அந்த மருந்துகளைத் தமிழ்நாட்டில் இப்போது கிராம் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதில் முக்கியமான பெயர் பேராசிரியர் புண்ணியமூர்த்தி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், தஞ்சை வட்டாரத்தில் விவசாயிகளிடம் இருந்த மரபு மருந்துகளைத் திரட்டி, அளவு குறித்து, எளிய செய்முறையாக்கினார். அவற்றை இந்தியத் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் ஏற்றுப் பால் கூட்டுறவுகள் வழியாகப் பரப்பி வருகிறது.

மடிநோய்க்கான மருந்து இது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் விழுது செக்கச் சிவந்துவிடும். சுண்ணாம்பின் காரத்தில் மஞ்சள் நிறம் மாறுவதால் வரும் சிவப்பு அது. பாலை ஒட்டக் கறந்து, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவ வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வரை, ஐந்து நாள்.

இந்தப் ‘பத்துத் தடவை’யில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பூசிவிட்டு, ‘நாட்டு மருந்து கேட்கவில்லை’ என்பார்கள். பூச்சு காயக் காயக் கழுவிப் புதிதாகப் பூசுவதும் மடியில் பாலைத் தேங்கவிடாமல் கறப்பதும் சிகிச்சையில் பாதி. சுண்ணாம்பு என்பது வெற்றிலைக்குப் போடும் நீற்றிய சுண்ணாம்பு. நீறாத சுண்ணாம்புக்கல்லைத் தொடவே கூடாது, காம்பு வெந்துவிடும். நீற்றியதையும் அளவுக்கு மேல் போடாதீர்கள்.

உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளில் எனக்குப் பிடித்தது அதைக் கொடுக்கும் விதம். அரைத்த மருந்தை வெல்லத்தோடு பிசைந்து, சிறிது சிறிதாக நாக்கில் தடவச் சொல்கிறார்கள். மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ கஷாயத்தை ஊற்றும் பழைய வழக்கத்தில் மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய், நோயால் சாகாத மாடு நுரையீரல் அழற்சியால் செத்துவிடுவதுண்டு. மரபிலிருந்து எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கோமாரி வேறு கதை. அது வைரஸ் நோய். சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள் வகைக்கு 10 கிராம், பூண்டு நான்கு பல், தேங்காய்த் துருவல், வெல்லம் சேர்த்த விழுதை வாய்ப்புண்ணில் தடவினால் மாடு தீனி தின்னத் தொடங்கும் என்கிறார்கள் வளர்ப்போர். குளம்புப் புண்ணுக்குக் குப்பைமேனியும் வேப்பிலையும் பூண்டும் காய்ச்சிய எண்ணெய். இவை புண்ணை ஆற்றுவதற்கான துணை. வைரஸ் பக்கத்துக் கொட்டகைக்குப் போவதை எந்த விழுதும் தடுக்காது. தடுப்பூசி போட வேண்டும், நோய் தெரிந்தால் கால்நடை மருத்துவச் சேவைத் துறைக்கு உடனே சொல்ல வேண்டும். 2021-இல் தீபகற்ப மலேசியாவில் பரவிய தோல் கழலை நோய்க்கும் இதே விதிதான்; வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் கலந்த உருண்டை இந்தியாவில் பரவலாகக் கொடுக்கப்பட்டது என்பதற்காகத் தகவல் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது.

மடி நீலம் பாய்ந்து சில்லிட்டாலோ, மாடு படுத்துவிட்டாலோ, வயிறு உப்பி மூச்சு வாங்கினாலோ அம்மிக்கு அருகே போகாதீர்கள், மருத்துவரை அழையுங்கள். உப்புசம் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். ஊசி போட்ட மாடானால், மருந்துச் சீட்டில் குறித்த நாள் முடியும்வரை அதன் பாலை விற்கக் கூடாது. கற்றாழை பூசும் மாட்டின் திரிந்த பாலையும் கொட்டத்தான் வேண்டும்.

கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் சேர்ப்பதை மலேசியா 2019-இல் தடை செய்தது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து அது, கிருமிகள் அதற்குப் பழகிவிடக் கூடாது. அந்த அக்கறை உண்மையானால், அடுத்து மடிநோய்க்குப் போடும் ஊசியைக் குறைக்கும் வழியையும் தேட வேண்டும். தமிழ்நாட்டு மருந்துகளைப் பற்றிக் கள அனுபவம் நிறைய இருக்கிறது. ஒரு தொகுதி மாடுகளுக்குக் கொடுத்து, இன்னொரு தொகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்த கண்டிப்பான ஆய்வுகள் குறைவு. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் புலம் இருக்கிறது, சிலாங்கூரில் பால்மாட்டுக் கொட்டகைகளும் இருக்கின்றன. தொடக்கநிலை மடிநோய் கண்ட மாடுகளில் இந்தக் கற்றாழைப் பூச்சைக் கொடுத்து, பாலைச் சோதித்து, முடிவு எதுவானாலும் தமிழிலும் மலாயிலும் வெளியிட அந்தப் புலத்தார் முன்வர வேண்டும்.