பாஸ்புக்கில் தொடங்கும் நிரலாக்கம்

ஆந்திரத்தில் இன்டர்மீடியட் தேர்வும் ஈஏபிசெட் நுழைவுத்தேர்வும் முடிந்தபின் கல்லூரி திறக்கும்வரை மாணவர்களுக்குச் சில வாரங்கள் ஓய்வாகக் கிடைக்கின்றன. கணினிப் பிரிவில் பிள்ளையைச் சேர்க்கவிருக்கும் பெற்றோருக்கோ அவை கவலைக்குரிய வாரங்கள். வகுப்புத் தொடங்கும் முன்பே நிரலாக்கம் கற்பித்துவிட வேண்டுமா, அதற்கெனப் பயிற்சி மையத்தில் பணம் கட்ட வேண்டுமா என்னும் வினா சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டுக்கு வீடு எழுகிறது.

கவலைக்குக் காரணம் உண்டு. நகரி, சத்தியவேடு, குப்பம் முதலிய எல்லைப் பகுதிகளில் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்த மாணவர்கள் கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தை எதிர்கொள்கின்றனர். வீட்டில் கணினி இல்லாதவர்களும் அவர்களுள் பலர். அதே வகுப்பில், பள்ளியிலேயே நிரல் எழுதிப் பழகியவரும் அமர்ந்திருப்பார். முதற்பருவத்திலேயே ‘இது நமக்கு வராது’ என்று ஒரு மாணவர் முடிவு செய்துவிட்டால், நான்கு ஆண்டுக் கட்டணமும் அதற்கென வாங்கிய கடனும் வீட்டுக்குச் சுமையாகவே நின்றுவிடும். பெரும்பாலும் அவருக்கு வராமற்போவது நிரலாக்கம் அன்று. புதிய மொழி, புதிய கருவி, புதிய சிந்தனைமுறை ஆகிய மூன்றும் ஒரே வாரத்தில் வந்து மோதுவதால் ஏற்படும் திகைப்பே அது.

இம்மூன்றில் சிந்தனைமுறையைக் கணினி இல்லாமலேயே முன்கூட்டிப் பழகலாம். சென்னை ஐஐடி 2020ஆம் ஆண்டில் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு இதற்கு நல்ல சான்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருவோருக்கு அங்கே தொடக்கத்திலேயே பைத்தான் மொழி கற்பிக்கப்படுவதில்லை. பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், ஜி. வெங்கடேஷ் ஆகியோர் நடத்தும் ‘கணிப்பியச் சிந்தனை’ என்னும் பாடமே முன்னதாக வருகிறது. மதிப்பெண் அட்டைகள், கடை ரசீதுகள், ஒரு பத்தியின் சொற்கள் எழுதிய அட்டைகள் ஆகியவற்றை மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பார்த்தவற்றைத் தனிக் கட்டாக வைத்துக் கணக்கிடும் முறையை அவர்கள் விளக்குகின்றனர். அவ்விரிவுரைகளை யூடியூபில் எவரும் கட்டணமின்றிக் காணலாம்.

நம் வாசகர்களுக்கு அட்டைகளும் தேவையில்லை. வீட்டில் பாஸ்புக் இருக்கிறது. அதில் ‘இருப்பு’ என்னும் நிரலை மட்டும் எடுத்துக்கொள்வோம். 4,200, 3,650, 9,650, 1,150, 5,150 என்று ஐந்து வரிகள் இருப்பதாகக் கொள்வோம். இவற்றுள் மிகக் குறைந்த இருப்பு எது? கண்ணால் பார்த்தவுடன் 1,150 என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டுமே பார்க்கவல்ல, தானாக எதையும் ஊகிக்காத ஒருவருக்கு இவ்வேலையை எவ்வாறு சொல்லிக் கொடுப்பது? ஒரு தாளில் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரியையும் அவ்வெண்ணோடு ஒப்பிட்டு, வரியில் உள்ளது சிறியதாயின் தாளில் உள்ளதை அடித்துவிட்டுப் புதியதை எழுதச் சொல்ல வேண்டும். அந்தத் தாளைத்தான் நிரலாக்கத்தில் ‘மாறி’ என்கின்றனர். வரிவரியாகச் செல்வது சுழற்சி, ஒப்பிடுவது நிபந்தனை. ஆரம்பப் பாடத்தின் பெரும்பகுதி இவ்வளவே.

ஆனால் தாளில் முதலில் எந்த எண்ணைக் குறிப்பது? புதியவர் பலரும் சுழியம் என்பர். அவ்வாறு தொடங்கினால் 4,200 சுழியத்தைவிடச் சிறியதன்று, 3,650உம் சிறியதன்று. ஐந்து வரிகளையும் கடந்த பின்னரும் தாளில் சுழியமே நிற்கும். கணக்கில் பணமே இல்லை என்று பொருள்படும் விடை! கணினி எந்த எச்சரிக்கையும் தராது. சொன்னதைப் பிழையின்றிச் செய்துவிட்டது. முதல் வரியின் இருப்பையே தாளில் எழுதித் தொடங்கினால் சிக்கல் தீரும். இந்த ஒரு பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திய மாணவருக்கு முதற்பருவ வகுப்பு அந்நியமாகத் தோன்றாது என்பது நம் கருத்து.

அடுத்த பயிற்சிக்கு வைப்புத்தொகையை எடுத்துக்கொள்ளலாம். 10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி, காலாண்டுக்கு ஒருமுறை அசலில் சேர்கிறது எனில், ஒவ்வொரு சுற்றிலும் 2 விழுக்காடு கூடும். 10,200, 10,404, 10,612.08, நான்காம் சுற்றின் முடிவில் 10,824.32. நான்கு முறை கையால் செய்தவருக்கு, இருபது சுற்றுகளுக்குக் கணினி எதற்கென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. இதே கணக்கைச் சி மொழியில் எழுதுகையில் வட்டி வீதத்தை 8/100 என்று எழுதினால் வட்டி ஒரு காசும் வராது. இரு முழு எண்களை வகுத்தால் பின்னப் பகுதியைக் கைவிடுவது அம்மொழியின் விதி, விடை சுழியம். 8.0/100 என்று எழுத வேண்டும். பைத்தானின் இன்றைய பதிப்பில் இத்தொல்லை இல்லை.

எந்த மொழியில் தொடங்குவது என்று நெடுநேரம் விவாதிப்பதில் பயனில்லை. பெல் ஆய்வுக்கூடத்தில் 1972ஆம் ஆண்டளவில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி, பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் இன்றும் முதற்பாடம். 1991இல் வெளிவந்த பைத்தான் படிக்க எளியது. பாடத்திட்டத்தில் உள்ளதைக் கேட்டறிந்து அதையே தொடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆங்கிலத் தடையை அஞ்சுவோர் மும்பை ஐஐடியின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில் தமிழ்க் குரலோடு அமைந்த பாடங்களை நாடலாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியும் உள்ளது. அதில் ‘பதிப்பி’ என்று ஆணையிட்டால் திரையில் எழுத்துத் தோன்றும். வேலைவாய்ப்புக்குரிய மொழியன்று, எனினும் ஆணை என்பது அன்றாடச் சொல்லாகவும் இருக்கலாம் என்பதை உணர்த்த ஒரு மாலைப்பொழுது அதற்குத் தரலாம்.

செலவைப் பொறுத்தவரை, இத்தகைய சிறு நிரல்களைக் கைப்பேசியின் உலாவியிலேயே எழுதி இயக்கலாம். மடிக்கணினியை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டாம். கல்லூரி எவ்வகைக் கருவியைக் கேட்கிறது என்று அறிந்தபின் வாங்குவதே நன்று. படிப்பை முடிக்கத் தேவையான கணினியின் விலையையும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் கடனுக்குரிய செலவாக ஏற்கிறது. ஆகவே கடனுக்கு விண்ணப்பிக்கையில் கட்டணம், விடுதி, நூல்கள் ஆகியவற்றோடு அதன் விலை மதிப்பீட்டையும் இணைத்துக் கிளையில் கேட்டறிவது நலம். கடன் அனுமதியான பின்னர் அத்தொகையைச் சேர்க்க மறுபடி விண்ணப்பிக்க நேர்ந்தால் காலதாமதம் ஆகும்.