கழிவாயுக் குழாயின் அமைப்பும் டர்போசார்ஜரின் விரைவும்

மலைச் சாலையில் பாரமேற்றிய பழைய லாரி, வளைவில் வேகம் தணிந்து, மீண்டும் ஏற முற்படுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். ஓட்டுநர் மிதித்தவுடன் எஞ்சின் சற்றுத் தயங்குகிறது, கரும்புகை கக்குகிறது, அதன் பின்னரே வலுப்பெறுகிறது. டர்போசார்ஜர் பொருத்திய டீசல் எஞ்சினில் இத்தயக்கத்திற்குக் காரணம் யாது? எரிபொருள் உடனே மிகுகிறது; அதனை முற்றிலும் எரிக்க வேண்டிய காற்றோ பிந்தி வருகிறது. எரியாத கரியே புகையாகிறது.

டர்போசார்ஜர் என்பது ஒரே அச்சில் சுழலும் இரு சக்கரங்களாகும். டர்பைன் எனப்படும் சக்கரத்தைக் கழிவாயு சுழற்றுகிறது. மற்றது காற்றை அழுத்திச் சிலிண்டர்களுக்கு அனுப்புகிறது. இதற்கு வழிகோலிய ஸ்விட்சர்லாந்துப் பொறியியலறிஞர் ஆல்ஃபிரட் பியூக்கியின் முதற் காப்புரிமை 1905-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கழிவாயுவின் துடிப்பைப் பயன்படுத்தும் குழாயமைப்பை அவர் வகுத்தது 1925-ஆம் ஆண்டில் ஆகும்.

துடிப்பு என்பது யாது? ஏற்றச்சால் நீரை ஒடுங்கிய வாய்க்காலில் கொட்டினால், ஒவ்வொரு சால் நீரும் அலையாகப் பாய்ந்து வயலை அடையும். அதனையே அகன்ற தொட்டியில் கொட்டினால், அலை அடங்கி நீர் ஒரே சீராக வெளியேறும். ஆனால் தொட்டி நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். சிலிண்டரின் கழிவு வால்வு திறந்தவுடன் சீறிவரும் வாயுவும் இத்தகையதே. குறுகிய, நீளங்குறைந்த குழாய் அவ்வேகத்தைச் சிதறவிடாது டர்பைனுக்குக் கொண்டு செல்கிறது. அகன்ற பொதுக் குழாயில் அழுத்தம் உயரக் காலம் பிடிக்கிறது.

எனினும், எல்லாச் சிலிண்டர்களையும் ஒரே குறுகிய குழாயில் இணைத்தல் தவறு. நான்கு வீச்சு எஞ்சினில் கழிவு வால்வு ஏறக்குறைய 240 பாகைச் சுழற்சியளவு திறந்திருக்கும். ஆறு சிலிண்டர் எஞ்சினில் 120 பாகைக்கு ஒரு முறை ஒரு சிலிண்டர் கழிவை வெளியேற்றுகிறது. ஆகவே ஒன்றன் துடிப்பு, இன்னும் மூடாத முந்தையதன் வால்வு வழியே உட்புகுந்து, கழிவு வெளியேறுவதைத் தடுக்கும். எரியும் வரிசை 1-5-3-6-2-4 ஆயின், 1, 2, 3 ஆகியவற்றை ஒரு குழாயிலும், 4, 5, 6 ஆகியவற்றை மற்றொன்றிலும் சேர்த்தல் வேண்டும். அப்போது ஒரு குழாயில் துடிப்புகள் 240 பாகை இடைவெளியில் வரும். வரிசை 1-3-4-2 என அமைந்த நான்கு சிலிண்டர் எஞ்சினில் 1-உம் 4-உம் ஒரு குழாய். 2-உம் 3-உம் மற்றொன்று. இவ்விரு குழாய்களும் டர்பைன் வரை கலவாதிருத்தல் இன்றியமையாதது. ஆதலின் டர்பைன் கூட்டிலும் இரு வாயில்கள் வேண்டும்.

அவ்வாறாயின் அகன்ற குழாய் பயனற்றதா? அன்று. பெருங்கப்பல்களின் இரு வீச்சு எஞ்சின்கள் நாட்கணக்கில் ஒரே சுமையில் இயங்குவன. சீரான ஓட்டத்தில் டர்பைன் திறம்பட உழைக்குமாதலின், அவற்றிற்கு அகன்ற பொதுக் குழாயே ஏற்றது. ஆயினும் சுமை குறைந்த வேளையில் மின்சார ஊதி துணை நிற்க வேண்டியுள்ளது. அடிக்கடி வேகம் மாறும் லாரிக்குப் பிரித்தமைத்த குறுகிய குழாய்களே பொருந்தும்.

களப் பணியாளர் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளல் நலம். குழாய் இணைப்பில் கரிக்கோடு தென்பட்டால், ஆங்கே வாயு கசிகிறது என அறியலாம். டர்பைனைச் சேர வேண்டிய ஆற்றல் வழியிலேயே வீணாகிறது. பழுதுற்ற குழாயை மாற்றுங்கால், "பெரிய குழாய் பெரிய வலிமை தரும்" என்று எண்ணி அகன்றதைப் பொருத்துதல் கூடாது. மலையேற்றத்தில் லாரி தயங்குவதற்கும் எரிபொருள் கரியாய் வீணாவதற்கும் அதுவே காரணமாகிவிடலாம். எஞ்சின் செய்யும் வேலை எத்தகையது என்பதை முதலில் அறிந்து, அதன் பின்னரே குழாயைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.